அறிந்த பிறகும் தீராத வியப்பு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு (சென்னை, பெசன்ட் நகர்)

நண்பர்களுக்கு வணக்கம். இயற்கையைப் பற்றி நம்மில் பலர் எழுதுகிறோம். அவற்றில் உயிரினத்தின் பெயர் இருக்கும், எடை இருக்கும், வாழிடமும் அழிவுக்கான காரணங்களும் இருக்கும். அவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் ஓர் உயிரின் முன்போ ஒரு நிகழ்வின் முன்போ நின்றபோது, அதுவரை படித்து வைத்திருந்தது அத்தனையும் கையிலிருந்தும் எதுவும் சொல்ல முடியாமல் போன நேரத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அறிவியலுக்கு எதிரானவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கலாம். அந்தத் தயக்கம் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அளந்து அறிவதைக் காட்டிலும் வியந்து நிற்பதுதான் உலகத்தோடு நமக்குள்ள முதல் உறவு. அளப்பது அதற்குப் பின்னால் வருவது. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில், தை முதல் பங்குனி வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கடற்கரையில் இரவு முழுவதும் தன்னார்வலர்கள் நடப்பது சென்னையில் பலருக்கும் தெரியும். 1970-களின் தொடக்கத்திலேயே இங்கு இந்த நடை தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இதனைத் தொடர்ந்து செய்து வருகிறது. நாய்களும் மனிதர்களும் எடுப்பதற்கு முன்பாக முட்டைகளைக் கண்டெடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுவதே வேலை. பெரும்பாலான இரவுகளில் ஆமையைப் பார்க்க முடியாது. துடுப்புகள் மாறி மாறி அழுத்திச் சென்ற தடம் மட்டுமே மணலில் இருக்கும். ஏறிய தடம், இறங்கிய தடம், இடையில் கலைந்த மணல். அந்த மணலைக் குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்தால் ஓரிடத்தில் குச்சி சட்டென உள்ளிறங்கும். கீழே ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்து குறுகி வயிறு அகன்ற பானையைப் போல ஒரு குழி. அதில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள்.

நான் எழுத வந்தது, தாய் ஆமையையே நேரில் கண்ட ஓர் இரவைப் பற்றி. அலை எட்டும் எல்லையிலிருந்து சற்று மேலே, அவள் குழி தோண்டத் தொடங்கியிருந்தாள். (அஃறிணையில் எழுத என்னால் இயலவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்பக்கமாகப் படுத்துப் பார்த்தோம். பின்துடுப்பு ஒன்று உள்ளே சென்று, நுனியை வளைத்துக் கைப்பிடி அளவு ஈரமணலை அள்ளி, ஒரு துகள்கூடச் சிந்தாமல் மேலே கொண்டுவந்து ஓரத்தில் வைத்தது. மறுகணம் மற்றொரு துடுப்பு முன்னால் கிடந்த மணலைச் சுண்டி எறிந்துவிட்டு உள்ளே இறங்கியது. இப்படி மாறி மாறி, அவசரமே இல்லாமல். அவள் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. தன் கண்ணால் ஒருபோதும் காணாத குழியை அவ்வளவு ஒழுங்காக அமைத்தாள். பிறகு இரண்டும் மூன்றுமாக முட்டைகள் விழுந்தன. கண்ணோரத்தில் மணல் ஒட்டிய நீர் கோடாக வழிந்தது. முட்டைகளை மூடிய பின், உடலை இடமும் வலமுமாக ஆட்டி, அடிஓட்டினால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கினாள். அந்தத் தட்டல் நாங்கள் படுத்திருந்த மணல் வழியாக எங்கள் மார்புக்கு வந்தது.

கண்ணீருக்குக் காரணம் எனக்குத் தெரியும். கடல்நீரோடு உட்கொண்ட மிகை உப்பைக் கண்ணருகில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலில் இருக்கும்போதும் அது சுரந்துகொண்டுதான் இருக்கும். எங்களுடன் நடந்த மீனவப் பெரியவர் ஒருவர், "பெத்தவ கண்ணு கலங்காமலா இருப்பா?" என்று மட்டும் சொன்னார். உடலியலைக் கேட்டால் அவர் சொன்னது சரியல்ல. ஆயினும் அந்த நேரத்தில் எங்களில் அவளுக்கு மிக அருகில் இருந்தவர் அவர்தான் என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

கடலாமைகள் தாம் பிறந்த கடற்கரைப் பகுதியைத் தேடிப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகின்றன. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கென்னத் லோமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மின்கம்பிச் சுருள்களால் காந்தப் புலத்தை மாற்றியமைத்த தொட்டிகளில் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளை நீந்தவிட்டு, புலம் மாறும்போது அவை நீந்தும் திசையும் மாறுவதைக் காட்டினார்கள். பிறந்த கரையின் காந்தத் தன்மை குஞ்சுப் பருவத்திலேயே பதிந்துவிடுகிறது என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கம். அந்த உணர்வு உடலின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. நாளையே அதுவும் தெரிந்துவிடட்டும், எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காந்தப் புலத்தை உணர்வது அவளுக்குள் எப்படி இருக்கும்? இழுப்பதாகவா, மணமாகவா, கேட்டுப் பழகிய ஒலியாகவா? எத்தனை கருவிகளை வெளியே வைத்து அளந்தாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அளக்கக்கூடியவை எல்லாம் வெளியே இருப்பவை. உலகத்தின் பாதி, அதாவது பிற உயிர்கள் உள்ளிருந்து வாழும் பாதி, நமக்கு எப்போதும் மூடியே இருக்கும் என்ற எண்ணம் அந்த மணலில் படுத்திருந்தபோது எனக்குள் வந்தது. அது என்னை வருத்தவில்லை. அவளை மதிக்கச் செய்தது.

உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள். கனவுகளும் கேள்விப்பட்டவையும் வேண்டாம். நீங்களே நின்று கண்டவை மட்டும் போதும்.

மறுமொழி (திண்டுக்கல், பள்ளி ஆசிரியர்)

தங்கள் பதிவைப் படித்ததும் 2019 டிசம்பர் 26-ஆம் நாள் காலை நினைவுக்கு வந்தது. அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்றது. எங்கள் ஊரில் காலை எட்டு மணியளவில் தொடங்கி, ஒன்பதரை மணி வாக்கில் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் முழு வளையம் தெரிந்தது. அரையாண்டு விடுமுறையாக இருந்தாலும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். சூரிய வடிகட்டிக் கண்ணாடிகள் போதிய அளவு இல்லாததால், கண்ணாடிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் மைதானத்து வேப்பமர நிழலில் நின்றார்கள். முதலில் கண்டவர்கள் அவர்களே. இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளையாகி, தரை முழுவதும் பிறைகளை வீழ்த்தியிருந்தது. ஒன்பதரையை நெருங்க நெருங்கப் பிறைகளின் முனைகள் ஒன்றை ஒன்று தேடி வளைந்து, ஒரே நேரத்தில் அத்தனையும் வளையங்களாக மூடிக்கொண்டன. வெயில் இருந்தது, ஆனால் அதில் சூடு இல்லை. மாலை வெளிச்சத்தின் மஞ்சளும் அதில் இல்லை. நிழல்கள் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கூர்மையாக இருந்தன. நீட்டிய கையின் நிழலில் முடிகள்கூடத் தெரிந்தன.

பள்ளிக்கு எதிர்வீட்டுப் பாட்டி, பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகண நேரத்தில் மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடிப்பகுதி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மேல்வகுப்புப் பையன்கள் துடித்தார்கள். சொல்லலாம், அதற்கு முன் அவரை மரத்தடிக்கு அழைத்து வாருங்கள் என்றேன். கிரகணத்தின்போது வெளியே வரக்கூடாது என்று அவர் முதலில் மறுத்தார். பிறகு பேத்தி வந்து கையைப் பிடித்து இழுத்ததும் வந்தார். தரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். அதன் மேல் பத்துப் பதினைந்து வளையங்கள் விழுந்து, இலைகள் அசையும்போது அசைந்தன. "இத்தனை சூரியனா?" என்று கேட்டார். பையன்கள் உலக்கையை மறந்துவிட்டு, ஒவ்வொரு துளையும் சூரியனின் முழு உருவத்தை எப்படிக் கீழே கொண்டுவருகிறது என்பதை அவருக்கு விளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அவ்வளவு தெளிவாக ஒளியியல் பேசி நான் கேட்டதில்லை. முந்தானையில் விழுந்த சூரியன்களைக் கண்டபின் பிறந்த கேள்விக்கு அவர்கள் விடை சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் விடை முதலில் வந்து கேள்வி பயிற்சிப் பகுதியில் வருகிறது.

அன்று ஒரு மாணவி கேட்டாள்: "சந்திரனும் சூரியனும் ஏன் சார் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன?" சூரியன் சந்திரனைவிட ஏறத்தாழ 400 மடங்கு பெரியது, ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது அவள் கேட்டதற்கு விடை ஆகாது. அவள் கேட்டதை எண்களில் திருப்பிச் சொன்னதாகவே ஆகும். அந்த இரண்டு விகிதங்களும் இணையாக இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சந்திரன் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளின் மேல் லேசர் ஒளியைச் செலுத்தி அளந்த உண்மை அது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு முழுச் சூரிய கிரகணமே நிகழாது. சூரியனைச் சந்திரன் சரியாக மூடக்கூடிய காலத்தில், அதை நிமிர்ந்து பார்க்கக் கண்களும் இருக்கின்றன. இதற்குக் காரணம் ஏதும் இல்லை என்று அந்த மாணவியிடம் சொன்னேன். காரணம் இல்லை என்று ஆசிரியர் சொல்லி அவள் கேட்டது அதுவே முதன்முறையாக இருந்திருக்க வேண்டும். அவள் முகம் மலர்ந்தது.

மறுமொழி (கிழக்குக் கடற்கரைச் சாலை)

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, மரியாதையுடன் முன்வைக்கிறேன். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்த இரவில் நானும் திருவான்மியூர்க் கரையில் இருந்தேன். அலை உடையும் கோடு முழுவதும் ஒளி ஓடியது. ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி நீலப் பொட்டுகள் தெறித்து மறைந்தன. குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஒளிக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி பெருகுவது எப்போதும் நல்ல செய்தி அல்ல. அது மிகுதியாகப் பெருகி மடியும்போது நீரில் ஆக்சிஜன் குறைகிறது. அரபிக்கடலில் ஆக்சிஜன் குறைந்த நீரில் அது பெருகி, மீன்களின் உணவுச் சங்கிலியையே மாற்றி வருவதாக ஆய்வுகள் கூறுகின்றன. வியப்பை மட்டும் நம்பியிருந்தால், கடலின் நோய்க்குறியைக் கண்டு நாங்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்பியிருப்போம். தங்கள் ஆமையையும் காப்பாற்றுவது மணலின் வெப்பநிலை பற்றிய அறிவும் வலைகளைப் பற்றிய அறிவும்தானே? அப்படியிருக்க, வியப்புக்கு முதலிடம் தருவது சரியா?

மறுமொழி (பொள்ளாச்சி)

மேலே கேட்கப்பட்ட கேள்விக்கு நேரான விடை என்னிடம் இல்லை. அதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் மின்மினிகள் கோடைமழைக்குப் பின் கூட்டமாக ஒத்திசைந்து ஒளிர்வதை வனத்துறை 2022-இல் ஆய்வு செய்தது பலருக்கு நினைவிருக்கும். வனத்துறையில் பணியாற்றும் என் தாய்மாமாவின் துணையோடு காட்டின் ஓரத்திலிருந்து அதனைக் காணும் பேறு எனக்குக் கிடைத்தது. முதலில் ஒரு மரம் மட்டும் துடித்தது. ஒளி, இருள், ஒளி, இருள். பக்கத்து மரம் சற்றே பிந்தித் துடித்து, சில நொடிகளில் முதல் மரத்தோடு சேர்ந்துகொண்டது. பிறகு பள்ளத்தாக்கின் சரிவில் அந்தத் துடிப்பு மரத்துக்கு மரம் தாவிச் சென்று கண்ணுக்கு எட்டிய எல்லை வரை பரவியது. இருள் வரும் கணத்தில் காடே இல்லாமல் போனது. ஒளி வரும் கணத்தில் ஒவ்வொரு இலையும் இருந்தது. மாமா பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவர். அவரும் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திக்கொள்வார்.

நான் சொல்ல வந்தது இதன் வரலாற்றில் உள்ள ஒரு செய்தி. தென்கிழக்கு ஆசியாவின் ஆற்றங்கரைகளில் மின்மினிகள் ஒன்றாக ஒளிர்வதைப் பயணிகள் நெடுங்காலமாக எழுதி வந்தார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழில் 1917-இல் ஒருவர் இதற்கு விளக்கம் எழுதினார்: பூச்சிகள் ஒத்திசைவதில்லை, பார்ப்பவரின் கண்ணிமைகள் துடிப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று. பூச்சிகள் அப்படி ஒழுங்குபட ஒளிர்வது இயற்கை விதிகளுக்கே முரண் என்பது அவருடைய துணிபு. ஒவ்வொரு பூச்சியும் அண்டையிலுள்ள பூச்சியின் ஒளியைக் கண்டு தன் தாளத்தைச் சிறிது முன்பின்னாக மாற்றிக்கொள்கிறது, தலைவன் எவனும் இல்லாமலேயே கூட்டம் முழுவதும் ஒன்றுபடுகிறது என்பது பிற்காலத்தில் ஆய்வுகளாலும் கணிதத்தாலும் நிறுவப்பட்டது. ஆற்றங்கரையில் வாய் பிளந்து நின்றவர்கள் சரியாகவே பார்த்தார்கள். நடக்க முடியாதது எது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவரால் அதைப் பார்க்க முடியவில்லை. வியப்பு அறிவுக்கு எதிரி என்று யாரேனும் சொன்னால் எனக்கு அந்தக் கண்ணிமை விளக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

தொடக்கப் பதிவர் மீண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலை நண்பருக்கு நன்றி. அவர் கேட்டது முக்கியமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கழுத்து வீங்கி, கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. நீருக்குள் மூச்சுமுட்டி இறந்ததன் அடையாளங்கள் அவை. இழுவை வலையில் சிக்கிய ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாமல் இறக்கிறது என்பதும், ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் கருவியை வலையில் பொருத்தலாம் என்பதும், முட்டையிடும் பருவத்தில் இழுவைப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைல்களுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பதும் அன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. உடல்களைத் தாண்டிக்கொண்டு காலை நடைக்குச் சென்றவர்களில் பலருக்கும் தெரிந்தவை. அறிவு இல்லாமல் ஆமைகளைக் காப்பாற்ற முடியாது என்று நண்பர் சொல்வதை முழுவதும் ஏற்கிறேன். வெப்பம் சற்றுக் கூடினால் பொரிப்பகத்தில் பெண் குஞ்சுகள் மட்டுமே வெளிவரும் என்று தெரியாமல் நிழல்வலை கட்ட முடியாது. வெளிச்சமுள்ள திசையை நோக்கியே குஞ்சுகள் ஓடும் என்று தெரியாமல் தெருவிளக்கை அணைக்கச் சொல்ல முடியாது. ஆனால் அறிவைச் செயலாக்க நள்ளிரவில் எழுந்து வருபவர்கள் யார் என்று பார்த்து வருகிறேன். விளக்க உரையைக் கேட்டவர்களில் சிலர் வருகிறார்கள். ஒரு தாய் ஆமையின் அருகில் படுத்திருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் திரும்ப வருகிறார்கள்.

ஒளிரும் அலை பற்றி ஒன்று. அதன் பின்னால் கடலின் நலிவு இருக்கலாம் என்று தெரிந்த பிறகு அந்த இரவு நண்பருக்குச் சிறுத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. தெரிந்த பின்னும் மறக்க மாட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறார். வந்த கூட்டத்தில் பலர் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் போய், அது என்ன என்று தேடிப் படித்திருக்கிறார், கவலைப்பட்டிருக்கிறார். கெட்ட செய்தியையும் தாங்கிக்கொண்டு தொடர்ந்து பார்க்க வைப்பதைத்தான் நான் வியப்பு என்கிறேன். அதற்கு முதலிடம் கேட்பதும் அதனால்தான்.

எங்கள் நடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிற ஊர்களில் இதுபோன்ற நடைகளை நடத்துபவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் குறிப்பிடுகிறேன். புதிதாக வருபவர்களுக்குத் தொடக்கத்தில் எண்ணிக்கைகளோ உயிரியலோ சொல்வதில்லை. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தமிடக் கூடாது, ஆமையின் முன்னால் செல்லக் கூடாது என்று மட்டும் சொல்லி நடக்கத் தொடங்குகிறோம். தடத்தைக் கண்டால் அவர்களே அதைச் சுற்றி நிற்கட்டும், எது ஏறியது, எது இறங்கியது என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். குழியில் கைவிட்டு, இன்னும் ஈரமும் மென்மையும் மாறாத முதல் முட்டையை வெளியே எடுத்த பிறகுதான் கேள்விகளுக்கு விடை சொல்கிறோம். அப்போது வரும் கேள்விகளில் பாதிக்கு எங்களிடமே விடை இருப்பதில்லை.

திண்டுக்கல் ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தடியில் நின்ற மாணவர்கள் அன்று வரைந்தோ எழுதியோ வைத்திருந்தால் இங்கே பகிருங்கள். 2018-இல் கொடைக்கானலிலோ மூணாறிலோ குறிஞ்சி பூத்ததைக் கண்டவர்களும் அவசியம் எழுத வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளை அந்தச் செடி எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதை அருகில் நின்று எண்ணிப் பார்த்தவர் ஒருவரேனும் இங்கு இருப்பார். அடுத்த பூப்பு 2030-இல் என்பதால், முன்பு கண்டவர்களின் குறிப்புகள் இப்போதே சேர்ந்துவிட்டால் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.